ஆஸ்பத்திரி நேரம்

"டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்னு எனக்கு எழுத்துல வேணும்."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று எங்கள் கம்பெனியை நடத்தும் லிஜின் சார் ஆபீஸில் வைத்துச் சொன்னார். காரில் வரும்போது சொன்னார். ஆஸ்பத்திரி லிஃப்டுக்குள் இன்னொரு தடவை, காதோடு சொன்னார். நான் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

கேட்காமல் எப்படி? அவர்களுக்கு வேண்டியது நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தரும் மென்பொருள். இன்னாருக்குப் பத்து, இன்னாருக்குப் பத்தரை என்று போட வேண்டுமானால் டாக்டர் எப்போது வருவார், எப்போது போவார் என்று தெரிய வேண்டும். இதைக் கண்டுபிடிக்க என்ஜினீயரிங் தேவையில்லை. எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக நான் அதைப் படித்தும் பார்த்துவிட்டேன். வேறு வழி ஒன்றும் அதில் சொல்லித்தரவில்லை.

ஞானசிகாமணி நினைவு மருத்துவமனையின் நிர்வாக அலுவலர் சுயம்பு, தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்று வந்தவர். சாயா கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். சுவரில் இருந்த இதய டாக்டர் கபிரியேலின் படத்தை ஒரு தடவை பார்த்தார். எனக்காகப் படத்திடம் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது.

"பிள்ளே, இந்த ஆஸ்பத்திரி தொடங்கின நாள்லேருந்து அந்தக் கேள்விய ஒருத்தரும் கேட்டதில்ல. கேக்கப்பிடாதுன்னு நாங்க சட்டம் ஒண்ணும் போடல்ல. கேக்கணும்னு ஆருக்கும் தோணினதில்ல. அதுக்குப் பேருதான் நம்பிக்கை."

"எங்க அப்பா கேட்டிருக்காரு," என்றேன்.

லிஜின் சார் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அப்பா பெயர் தாணப்பன். சிதறாலில் ரப்பர் வெட்டு. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரங்கள் நிற்கும் விளைக்குள் போவார். மரம் மரமாகப் பட்டையைக் கீறிவிட்டு, சிரட்டையில் பால் நிறைந்ததும் வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். விட்டால் சிரட்டையிலேயே உறைந்துவிடும். கொஞ்ச நாளாக மேட்டில் ஏறினால் அவருக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா குழலை வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சில் வேண்டாத சத்தம் ஒன்று இருக்கிறது, இதய டாக்டரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள் என்றார். அப்பாவுக்கு இதய டாக்டர் என்றால் கபிரியேல் டாக்டர்தான். "அவருக்க கை பட்டாலே பாதி தீரும்னு சொல்லினும்" என்பார். வேறு எங்கும் வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

இரண்டு தடவை வந்தார். பாதி மரத்தோடு வெட்டை நிறுத்திவிட்டு வந்து, டோக்கன் வாங்கி, உட்கார்ந்து, பால் உறைகிற நேரமானதும் எழுந்து ஓடினார். இரண்டு தடவையும் கவுண்டரில் இருக்கும் ராஜபாய் அக்காவிடம் கேட்டார். டாக்டர் எப்ப வருவாரு?

"வரும்போ வருவாரு அண்ணே. வந்தா தெரியும்."

அதனால் இந்த வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். அப்பாவுக்கென்று ஒரு நேரம் கிடைக்கும். வருவார், நெஞ்சைக் காட்டுவார், பாலுக்குப் போவார். என் ஆசை இவ்வளவுதான்.

வடிவமைப்புக் குழுக் கூட்டம் காலை பத்துக்கு என்றார்கள். மத்தியானம் இரண்டுக்கு டாக்டர் வந்ததும் காலை பத்து தொடங்கியது. நான் ஒரு திரையைக் காட்டினேன். பெரிய எழுத்து, தமிழில். உங்கள் பெயர், உங்கள் நேரம், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர். எழுத்துத் தெரியாதவர்களுக்குப் பெயரை வாசித்துச் சொல்லும் குரலும் வைத்திருந்தேன்.

சுயம்பு சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பயனருக்கு எளிமையா இருக்கணும்னுதானே நாங்க கேட்டோம்?"

"ஆமா சார். நோயாளிகளுக்கு எளிமையா..."

"அவிய எப்பிடி பயனர் ஆவினும்? அவிய வந்து போறவிய. இஞ்ச நிலையா இருக்கவரு டாக்டர். பயனர்னா அவரு."

நிலையாக இருப்பவர் அப்போதுதான் வந்திருந்தார். டாக்டர் கபிரியேல் அதிர்ந்து பேசாத மனிதர். அவர் பேசினால் அறையில் மின்விசிறியைக் குறைப்பார்கள். என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்துச் சிரித்தார்.

"மக்களே, நல்லா செய்திருக்கா. ஆனா இந்த நம்பர் வேண்டாம். எத்தன பேரு காத்திருக்கினும்னு வந்தவுடனே பாத்தா எனக்கு மனசு தளர்ந்து போவும். நான் தளர்ந்தா அது அவியளுக்குத்தானே கெடுதி?"

நம்பரை எடுத்தேன்.

"சிவப்பு வேண்டாம். ரத்தம் நான் வேண்டியமட்டும் பாத்தாச்சு."

சிவப்பை எடுத்தேன்.

"பொறவு, 'தாமதம்'னு ஒரு வார்த்த இருக்கு. ஒரு மருத்துவமனையில அந்த வார்த்த அபசகுனம் இல்லியா?"

தாமதம் என்கிற சொல்லை மொத்த நிரலிலும் தேடித் தேடி அழித்தேன். கடைசியில் ஒரே ஒரு பொத்தான் மிஞ்சியது. 'வந்துவிட்டேன்.' டாக்டர் வந்ததும் அதை அமுக்க வேண்டும். வந்த களைப்போடு அதையும் நானே அமுக்கணுமா என்று கேட்டார். டிரைவர் அமுக்கட்டும் என்றார்கள். டிரைவர் என்ன வேலைக்காரனா என்று டிரைவர் கேட்டதாகத் தகவல் வந்தது. கடைசியில் கேட்டில் ஒரு கேமரா வைத்து, காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் மென்பொருள் தானே அமுக்கிக்கொள்ளும்படி செய்தேன். உலகத்திலேயே மிக எளிமையான மென்பொருள். பயனர் அதைத் தொடவே வேண்டாம்.

ஆனால் நேரம் அப்படியே கிடந்தது. நான் மறுபடியும் கேட்டேன். "கார் எத்தன மணிக்கு வரும் சார்?"

இந்தத் தடவை டாக்டரே பதில் சொன்னார். "மக்களே, நான் லேட்டா வாறதில்ல. நான் வந்த பிறகுதானே ஓ.பி. தொடங்குது? தொடங்கின பிறகு வாறதுதானே லேட்டு? யோசிச்சுப் பாரு."

அவர்கள் எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். சுயம்பு சாருக்கு முகம் மலர்ந்தது. தாலுகா ஆபீஸில் பல வருஷம் தேடியும் கிடைக்காத ஒன்று கிடைத்துவிட்ட முகம்.

"அப்போ சிக்கலே இல்ல. ஒம்பது மணிக்கு டாக்டர் வரணும்னு நாம ஏன் எழுதணும்? டாக்டர் வரும்போ மணி ஒம்பதுன்னு எழுதுவோம்."

"சார்?"

"கார் கேட்டுக்குள்ள ஏறும்போ ஆஸ்பத்திரியில மணி ஒம்பது. அதுக்கு மேல எண்ணிக்கிட்டுப் போ. அதுவரைக்கும் எட்டு அம்பத்தொம்பதுல நிக்கட்டு. கார் எறங்கிப் போனா திரும்பவும் எட்டு அம்பத்தொம்பது."

"வெளியில மணி ஒண்ணு ஆகியிருந்தா?"

"வெளிய உள்ள நேரத்துக்கு இந்த நிர்வாகம் பொறுப்பில்ல."

கூட்டக் குறிப்பில் அப்படியே ஏறியது. ஆபீஸுக்குத் திரும்பியதும் லிஜின் சாரிடம் சண்டை போட்டேன். எங்கள் ஆபீஸ் மார்த்தாண்டம் மேம்பாலத்தின் உயரத்துக்கு இருக்கிறது. ஜன்னலை ஒட்டி பஸ் போகும். நாங்கள் கத்தினால் பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று இரண்டு பஸ் திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, கஸ்டமர் கேக்கியத செய்து குடு. நான் கல்ஃப்ல ஒட்டகத்துக்கு ஆப் செய்து குடுத்தவன். ஒட்டகம் வந்து கேட்டுதா?"

"ஒட்டகத்துக்கு நெஞ்சுவலி வந்து காத்துக்கிடந்துதா சார்?"

"நீ இப்பிடிப் பேசினா ஒரு எடத்துலயும் நிக்கமாட்ட, கேட்டியா?"

செய்து கொடுத்தேன். எப்படியும் ஒரு வரிசை இருக்குமே, அப்பாவின் பெயர் அதில் ஓரிடத்தில் வருமே என்று நினைத்தேன்.

சோதனை ஓட்டத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்த சுவர்க் கடிகாரங்களை எல்லாம் கழற்றி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டார்கள். எல்லா மாடியிலும் என் திரை. காலையில் எல்லாத் திரையிலும் எட்டு ஐம்பத்தொன்பது. கேன்டீனில் பதினொன்றரைக்கு மேல்தான் சோறு என்பது விதி. மத்தியானம் பசித்து வந்த நோயாளிகளுக்குத் திரையைக் காட்டிப் புட்டு கொடுத்தார்கள். இரவு ஷிஃப்டு நர்ஸுகள் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். ஒன்பது வரவில்லை. அவர்களில் ஒருத்தி நின்றுகொண்டே தூங்கியதை நான் பார்த்தேன். சுயம்பு சாரிடம் சொன்னேன். "அர்ப்பணிப்பு கூடியிருக்கு. இத அறிக்கையில சேரு," என்றார்.

தேங்காப்பட்டணத்து ஹமீதா பீவியை அங்கேதான் முதலில் பார்த்தேன். சர்க்கரைக்காரி. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். எட்டு ஐம்பத்தொன்பதுக்குச் சாப்பிட்டார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மோளே, நீதானா இந்த மணியச் செய்தது? லேபுல உள்ள பெண்ணு சொல்லுதா, உம்மா, நீங்க தின்னு ஒரு நிமிசம்கூட ஆகல்லன்னு. எனக்கு அடுத்த பசியே வந்தாச்சு."

"நாளைக்குச் சரியாயிரும் உம்மா," என்றேன். என்ன நம்பிக்கையில் சொன்னேன் என்று தெரியவில்லை.

அந்த வாரத்தில் டாக்டரிடமிருந்து ஒரே ஒரு வருத்தம் வந்தது. நோயாளிகளுக்குப் பொறுப்பு இல்லை. நேரம் வாங்கிவிட்டு வருவதில்லை. கூப்பிட்டால் ஆள் இல்லை. காலையில் வந்து மத்தியானம் எழுந்து போகிறவர்களைப் பற்றித்தான் சொன்னார். உடனே சுயம்பு சார் ஒரு விதி கொண்டுவந்தார். கூப்பிடும்போது இல்லாதவரும், டாக்டர் போகும்வரை உள்ளே போகாதவரும் 'வராதவர்'. மூன்று தடவை வராதவர் ஆனால் பெயர் அடைபடும். பிறகு இந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு நேரம் கிடையாது. பழைய டோக்கன் கணக்கையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்தேன். சேர்த்த பிறகு தேடினேன். தாணப்பன், சிதறால். வராதவர், இரண்டு.

அப்பாவுக்கு மிச்சம் இருந்தது ஒரு தடவை.

திறப்பு விழா நாள் விடியலில் நல்ல மழை. மரம் நனைந்தால் வெட்டு இல்லை, பாலுக்கு ஓட வேண்டியதில்லை. இரண்டு தடவையும் தோற்றுப்போன மனிதருக்கு மூன்றாவது தடவை ஒரு முழு நாள் கிடைத்திருக்கிறது என்று நான் மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஏழு மணிக்கே என்னோடு வந்தார். லிஃப்டை விழா விருந்தினர்களுக்கென்று அடைத்திருந்தார்கள். மாடிப்படியின் பாதியில் நின்று, கைப்பிடியைப் பிடித்து, "ஒண்ணும் இல்ல மக்கா, பைய ஏறுவோம்," என்றார். அவருக்குப் பதினொன்றரை மணி போட்டிருந்தேன். அதற்கு முந்தியதெல்லாம் டாக்டருக்குத் தெரிந்தவர்களுக்கு என்று சுயம்பு சார் அடைத்து வைத்திருந்தார். திரையில் எட்டு ஐம்பத்தொன்பது.

ஓ.பி. ஹாலில்தான் மேடை. காத்திருந்த நோயாளிகளே பார்வையாளர்கள், தனியாக ஆள் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. கையில் ஊசி ஏற்றியிருந்தவர்களை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். போட்டோவில் உண்மை தெரியும் என்றார் சுயம்பு சார். அப்பா ஹமீதா பீவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மணிக்கு மேல் கார் வந்தது. கேமரா நம்பர் பிளேட்டைப் பார்த்தது. எல்லா மாடியிலும் எட்டு ஐம்பத்தொன்பது, ஒன்பதானது. கைதட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் எழுந்து வீட்டுக்கு ஓடினாள்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஜெபம் சொன்னார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, மென்பொருளின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வெள்ளித்தட்டில் ரோஜாப்பூவோடு வைத்து, சுயம்பு சாரிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தேன். அந்த நொடியிலிருந்து அதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் மாற்ற முடியாது. பிறகு மாவட்ட மருத்துவச் சேவை மன்றம் என்ற ஒன்றின் சார்பில் டாக்டருக்கு 'நேரம் தவறாத மருத்துவர்' என்று விருது கொடுத்தார்கள். ஆதாரம், என் மென்பொருள் கொடுத்த அறிக்கை. நூற்றுக்கு நூறு.

டாக்டர் கண்கலங்கினார். மின்விசிறியைக் குறைத்தார்கள்.

"இது எனக்கான பெருமை இல்ல. ஒரு நாளுகூட நான் பிந்தினது இல்லன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. மனுசன் சொன்னா முகஸ்துதின்னு விடலாம். கம்ப்யூட்டருக்கு எங்கிட்ட என்ன பயம்? ஒழுக்கம் எங்க அப்பா படிப்பிச்சது. சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுல கன்சல்டிங் வச்சிருக்கேன். மழையானாலும் வெயிலானாலும் மூணரைக்கு இங்கேருந்து எறங்கிருவேன். ஒரு நிமிசம் பிந்தமாட்டேன். ஏன்னா அங்க பாவப்பட்ட ஜனங்க காத்திருக்கும்."

ஹால் முழுக்கக் கைதட்டல். காலையிலிருந்து காத்திருந்தவர்களும் தட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

நான் தட்டவில்லை. நான் கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தேன். வருவது ஆஸ்பத்திரி நேரம். போவது ஊர் நேரம். ஒன்றேகாலுக்கு வந்தால் அது ஒன்பது. மூன்றரைக்குப் போனால் அது பதினொன்றேகால். அந்த வாரம் முழுவதையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். ஒரு நாள்கூட அதைத் தாண்டவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் பதினொன்றரை மணி என்று ஒன்று வந்ததே இல்லை. வரவும் வராது. அதற்குப் பிறகு நேரம் போட்டவர்கள் எல்லோரும், நாள் முழுக்க இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், வராதவர்கள்.

அப்பா நெஞ்சை ஒரு கையால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு கொஞ்சம் வெளுத்திருந்தது. நான் வெளியே போய் ஒரு போன் பண்ணினேன். பிறகு வந்து அப்பாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் டாக்டரின் அறைக்குள் போனேன்.

டாக்டர் கோபப்படவில்லை. திரையைப் பார்த்தார்.

"தாணப்பன். பதினொன்னரை. இப்ப பத்தேகால்தானே ஆவுது? ரெம்ப சீக்கிரம் வந்திட்டீங்களே."

"காலத்த ஏழு மணிக்கு வந்தேன் டாக்டர்," என்றார் அப்பா.

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

"கம்ப்யூட்டர் கிடக்கட்டும் சார்," என்றேன். "குழல் உங்க கழுத்துலதான் கிடக்கு. ஒரு நிமிஷம் வச்சுக் கேளுங்க. அவருக்கு மூச்சு முட்டுது."

"பேரு தொறக்கமாட்டேங்குதே மக்களே. பாரு, அமுக்கினா மெசேஜ் வருது, 'இவருடைய நேரம் இன்னும் வரவில்லை'ன்னு. நீதானே செய்தா? நல்லா செய்திருக்கா. என்னாலயே மீற முடியல்ல. நான் இப்ப தொட்டா, வரிசையில இருக்க மத்தவியளுக்கு அது அநீதி." அப்பாவைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். "ஒண்ணு செய்யுங்க. நாலு மணிக்கு வீட்டுக்கு வாங்க. அங்க கம்ப்யூட்டர் இல்ல."

அப்பாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. "செரி டாக்டர். ரெம்ப உபகாரம்." கும்பிட்டார்.

வெளியே லிஜின் சார் லட்டும் கையுமாக நின்றார். "ஏட்டி ஆதிரா, அதிர்ஷ்டம் அடிச்சுது. இதே மணி வேணும்னு நாலு ஆஸ்பத்திரிக்காரங்க எங்கிட்ட கேட்டாச்சு. நாளைக்கு நாகர்கோவில் போறோம். நீதான் டீம் லீடர்."

சுயம்பு சாரும் வந்தார். விழா சந்தோஷத்தில் தாராளமாக இருந்தார். "உனக்க அப்பாதானா இது? முன்னமே சொல்லப்பிடாதா? டாக்டருக்குத் தெரிஞ்சவங்க லிஸ்டுல போட்டுத் தாறேன். பத்து மணி. அது எந்நாளும் வரும்."

ஹமீதா பீவி நாற்காலியில் இருந்தபடியே சொன்னார். "வாங்கிக்க மோளே. கிடைக்கியத வாங்கிக்க. நியாயம் பாத்துட்டு நிக்காத, உனக்க வாப்பாவுக்க முகத்தப் பாரு."

முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"உம்மா, நீங்களும் வாங்க. ஆசாரிபள்ளம் கவர்மென்ட் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம். அங்க அவசரப் பிரிவுல எந்த நேரமும் ஆளு இருக்கும்."

"நான் எப்பிடி வர மோளே? எனக்கும் ரெண்டு விழுந்தாச்சு. எழும்பினா அடைச்சிருவாவ." நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் இழுத்துவிடுவேன் என்பது போல.

அப்பா என் முழங்கையைத் தொட்டார். "ஆசாரிபள்ளமா? எதுக்கு மக்கா? இன்னும் கொஞ்ச நேரம் இரிந்தா நாலு மணி ஆவும். டாக்டரே வாயால சொல்லியிருக்காரு."

"ஆட்டோ வந்தாச்சு அப்பா. கீழ நிக்குது."

"எப்ப விளிச்சே?"

"டாக்டரப் பாக்கப் போறதுக்கு முன்னால."

அதற்கு மேல் பேச அப்பாவிடம் மூச்சு இருக்கவில்லை. என் தோளில் கையைப் போட்டார். லிஜின் சார் லட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல், "லேப்டாப் எங்கட்டி? நாளைக்கு டெமோ இருக்கு," என்றார். அது கவுண்டரில், ராஜபாய் அக்காவின் பக்கத்தில் இருந்தது. சார்ஜரைக்கூடச் சுற்றி, திருப்பிக் கொடுக்கிற மாதிரிதான் வைத்திருந்தேன்.

வாசலுக்கு வந்தபோது ராஜபாய் அக்கா கவுண்டரில் இருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார். குரலில் நிஜமாகவே பதற்றம்.

"ஏ பிள்ளே, அப்பாவக் கூட்டிட்டு எங்க போற? இப்ப எறங்கினா வராதவர்னு விழும், கேட்டியா? மூணாவது. பொறவு அவருக்க பேரு இந்த ஆஸ்பத்திரியில ஏறவே செய்யாது."

"விழட்டுக்கா," என்றேன். அப்பா பைய இறங்கினார். நான் அவருக்கு ஒரு படி முன்னால் இறங்கினேன்.